டிரீம் தியேட்டரின் 11 வட்டுப் பெட்டி: வாங்கலாமா, எப்படிக் கேட்பது?

கேள்வி இதுதான்: டிரீம் தியேட்டர் என்ற அமெரிக்க ராக் குழுவின் 1992 முதல் 2011 வரையிலான ஸ்டூடியோ ஆல்பங்களைச் சேர்த்த பெட்டித் தொகுப்பு ஒன்று கிடைக்கிறது. 'புல் மீ அண்டர்' என்ற ஒரு பாடலைத் தவிர அவர்களுடைய இசையைக் கேட்டதில்லை. இந்தப் பெட்டியை வாங்கினால் குழுவின் முழு வரலாறும் கைக்கு வந்துவிடுமா? வட்டுகளை வரிசையாகத்தான் கேட்க வேண்டுமா, பிடித்த இடத்தில் தொடங்கலாமா?

வாங்குங்கள். வரிசையாகவே கேளுங்கள், குறைந்தபட்சம் நடுவில் இருக்கும் ஐந்து வட்டுகளையாவது. முழு வரலாறு கிடைக்குமா என்றால், கிடைக்காது. பெட்டியின் தொடக்கத்தை வகுத்தது இசை இல்லை, ஒப்பந்தக் காகிதம். அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

2014-இல் வெளியான தொகுப்பு இது. பத்து ஆல்பங்கள், பதினொரு வட்டுகள். 2002-ஆம் ஆண்டின் ஆல்பம் இரட்டை வட்டு என்பதால் அந்த ஒன்று கூடுதல். மொத்தம் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடும். ஒவ்வொரு வட்டும் மூல ஆல்பத்தின் முகப்புப் படம் அச்சிட்ட அட்டை உறையில் இருக்கும். ஆடம்பரப் பதிப்பு என்று நினைத்து வாங்க வேண்டாம். பின்னாளில் வந்த சிறப்புப் பதிப்புகளின் கூடுதல் வட்டுகளும் இதில் இல்லை. உதாரணமாக, 2009 ஆல்பத்தின் மூன்று வட்டுப் பதிப்பில் இருந்த பிற குழுக்களின் பாடல்களும் குரலற்ற வடிவங்களும் இங்கே கிடையாது.

ஏன் 1992? குழு பிறந்தது 1985-இல். பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த கிட்டார் கலைஞர் ஜான் பெட்ரூச்சி, பேஸ் வாசிக்கும் ஜான் மியுங், டிரம்ஸ் வாசிக்கும் மைக் போர்ட்னாய் ஆகிய மூவர் தொடங்கிய குழு அது. பெட்ரூச்சியின் இளமைக்கால நண்பர் கெவின் மூர் கீபோர்டுக்கு வந்தார். சார்லி டொமினிசி பாட, 1989-இல் முதல் ஆல்பம் 'வென் டிரீம் அண்ட் டே யுனைட்' வெளியானது. வெளியிட்டது எம்சிஏவின் கீழ் இயங்கிய மெக்கானிக் என்ற சிறு நிறுவனம். 1992 ஆல்பம் ஆட்கோ நிறுவனத்தில் வந்தது. அதன்பின் ஈஸ்ட்வெஸ்ட், எலெக்ட்ரா, அட்லாண்டிக், ரோட்ரன்னர் என்று உறையில் பெயர் மாறிக்கொண்டே வந்தாலும், அத்தனையும் இன்று வார்னர் என்ற ஒரே குடும்பத்தின் சொத்து. வார்னரிடம் இருந்ததைத்தான் வார்னர் பெட்டியில் போட்டது. 1989 ஆல்பம் வெளியே நின்றுவிட்டது.

இதனால் என்ன குடி முழுகிப்போகிறது என்று கேட்கலாம். அந்த முதல் ஆல்பத்தின் ஒலிப்பதிவு மெலிந்தது, டொமினிசியின் குரல் இந்த இசைக்குப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. ஆனால் இந்தக் குழு எண்களோடு விளையாடும் குழு. 2002-இன் ஆறாவது ஆல்பத்தின் பெயரில் ஆறு இருக்கிறது, உள்ளே ஆறு பாடல்கள். 2003-இன் ஏழாவது ஆல்பத்தில் ஏழு பாடல்கள். 2005-இன் எட்டாவது ஆல்பத்தின் பெயரே 'ஆக்டவேரியம்', அதில் எட்டுப் பாடல்கள். பெட்டியைத் திறந்து எண்ணிப் பாருங்கள்: 'ஆக்டவேரியம்' ஏழாவது ஆல்பமாக நிற்கும்! குழு போட்டுவைத்த கணக்கை அவர்களுடைய தொகுப்பே ஒன்றால் தவறவிடுகிறது. புதிதாகக் கேட்பவருக்கு இது புரியாத புதிராகப் போய்விடக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விடுபட்ட இன்னொன்று உண்மையிலேயே பெரிய இழப்பு. 1995-இல் வந்த 'எ சேஞ்ச் ஆஃப் சீசன்ஸ்' இதில் இல்லை. 23 நிமிட நீளமுள்ள ஒரே பாடல், கூடவே லண்டன் ரோனி ஸ்காட்ஸ் அரங்கில் மேடையில் வாசித்த பிறரது பாடல்கள். பெட்டியின் பெயரில் 'ஸ்டூடியோ ஆல்பங்கள்' என்று இருப்பதால் பாதி மேடைப்பதிவான குறு ஆல்பத்துக்கு இடமில்லை. விதிப்படி சரி. ஆனால் அந்த 23 நிமிடம் 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' ஆல்பத்துக்காக எழுதப்பட்டு, நீளம் காரணமாக ஒதுக்கப்பட்டது. குழுவின் முதல் பத்தாண்டின் உச்சம் எது என்றால் நான் அதைத்தான் சொல்வேன். தனியாக வாங்கி, பெட்டியின் இரண்டாவது உறைக்குப் பின்னால் செருகிவைத்துக்கொள்ளுங்கள்.

இனி வட்டுகள். 1992-இன் 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' நீங்கள் கேட்ட 'புல் மீ அண்டர்' பாடலோடு தொடங்குகிறது. அவர்களை ஆட்கோவுக்குக் கொண்டுவந்தவர் டெரெக் ஷுல்மன். எழுபதுகளில் ஜென்டில் ஜயன்ட் என்ற, நீண்ட சிக்கலான பாடல்களை வாசிக்கும் புராக்ரெசிவ் ராக் குழுவின் பாடகராக இருந்தவர். எட்டு நிமிடப் பாடலை அமெரிக்க வானொலிகள் ஒலிபரப்பியது அந்தக் காலத்துக்கு வியப்பான செய்தி. அந்த வெற்றி திரும்ப வரவில்லை என்பதைக் குழுவே கேலி செய்துகொண்டது: 2008-இல் வெளியிட்ட தேர்ந்தெடுத்த பாடல்களின் தொகுப்புக்கு 'ஒரே ஒரு ஹிட், கூடவே 21 நல்ல பாடல்கள்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். பாடல் சட்டென்று அறுந்து முடியும். உங்கள் வட்டில் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம், அது அப்படித்தான். கனடாவிலிருந்து வந்த பாடகர் ஜேம்ஸ் லாப்ரீ இந்த ஆல்பத்தில்தான் அறிமுகம். ஸ்நேர் டிரம் ஓசை மட்டும் கொஞ்சம் பிளாஸ்டிக்காக இருக்கும். தயாரிப்பாளர் டேவிட் பிரேட்டர் வாசிப்பின் மேல் முன்பே பதிந்துவைத்த மின்னணு ஒலியை ஏற்றினார், போர்ட்னாய்க்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு முறை கேட்டால் காது பழகிவிடும். 'மெட்ரோபோலிஸ்: பார்ட் ஒன்' பாடலை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள், பெட்டியின் நான்காவது ஆல்பத்தில் தேவைப்படும்.

1994-இன் 'அவேக்' இருண்ட ஆல்பம். பெட்ரூச்சி ஏழு தந்திக் கிட்டாரை எடுத்தார், ஒலி அடியில் இறங்கியது. ஆல்பத்தின் வேலை முடியும் தறுவாயில் மூர் விலகப்போவதாகச் சொன்னார். கடைசிப் பாடலான 'ஸ்பேஸ் டை வெஸ்ட்' அவர் தனியாக எழுதிக் கொண்டுவந்தது. மற்றவர்கள் அதை மேடையில் தொடவே இல்லை. 2014-இல், ஆல்பத்தின் இருபதாம் ஆண்டையொட்டிய பயணத்தில்தான் முதன்முறை வாசித்தார்கள். பெட்டியின் பதினொரு வட்டுகளில் இந்தப் பாடலைப் போல இன்னொன்று இல்லை. வித்தை காட்டாமல், உடைந்துபோன ஒருவன் பியானோவின் முன் உட்கார்ந்திருப்பதுபோல் நகரும். மூரைக் குழு இழந்தது எவ்வளவு பெரிது என்பது பின்வரும் வட்டுகளில் பாடல்வரிகள் மெலிவதைப் பார்த்தால் தெரியும். பின்னாளில் கீபோர்டுக்கு வந்த ஜோர்டன் ருடெஸ் அவரைவிடப் பல மடங்கு வேகமாக வாசிப்பார், ஆனால் மூரிடம் இருந்தது வேகம் இல்லை.

லாப்ரீயின் குரல் பலருக்கு உடனே பிடிப்பதில்லை. 1994 டிசம்பரில் கியூபாவில் உணவு நஞ்சாகி, வாந்தியில் குரல்நாண் கிழிந்தது அவருக்கு. அதன்பின் குரல் பழைய வலிமைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. 'அவேக்' ஆல்பத்தில் அவர் உறுமி ஏறும் இடங்களையும் 1997 ஆல்பத்தில் தணிந்து பாடும் விதத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

அந்த 1997 ஆல்பம் 'ஃபாலிங் இன்டு இன்ஃபினிட்டி'. குழு இரட்டை ஆல்பம் கேட்டது, நிறுவனம் வானொலிக்கு ஏற்ற பாடல் கேட்டது. பான் ஜோவி, ஏரோஸ்மித் குழுக்களுக்கு எழுதிய டெஸ்மண்ட் சைல்ட் ஒரு பாடலைத் திருத்தி எழுத அழைக்கப்பட்டார். கீபோர்டில் டெரெக் ஷெரினியன். 'லைன்ஸ் இன் தி சேண்ட்', 'டிரையல் ஆஃப் டியர்ஸ்' இரண்டையும் கேளுங்கள். மீதியை அவசரமில்லாமல் பிறகு பார்க்கலாம்.

இந்தக் கசப்புதான் அடுத்து நடந்ததற்கு விதை. பெட்ரூச்சியும் போர்ட்னாயும் கிங் கிரிம்சன் புகழ் டோனி லெவினோடும் ஜோர்டன் ருடெஸோடும் லிக்விட் டென்ஷன் எக்ஸ்பெரிமென்ட் என்ற பெயரில் தனியே வாசித்துப் பார்த்தார்கள். ருடெஸை விடக் கூடாது என்று முடிவாயிற்று. 1999-இல் அவர் குழுவுக்குள் வந்தார். இனி வெளித் தயாரிப்பாளர் வேண்டாம், பெட்ரூச்சியும் போர்ட்னாயுமே தயாரிப்பார்கள் என்றும் முடிவெடுத்தார்கள். 'மெட்ரோபோலிஸ்' பாடலின் தலைப்பில் இருந்த 'பார்ட் ஒன்' வெறும் வேடிக்கைக்காகப் போட்டது. ரசிகர்கள் விடாமல் இரண்டாம் பாகம் கேட்டார்கள். வேடிக்கை 77 நிமிடக் கதை ஆல்பமாக முடிந்தது: 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி'. நிகோலஸ் என்பவன் வசிய உறக்கத்தில் தன் முற்பிறவிக்குப் போகிறான். 1928-இல் விக்டோரியா என்ற பெண் கொல்லப்பட்டிருக்கிறாள், கொன்றது யார்? முற்பிறவிக் கதை நமக்குப் பழகிய சரக்கு என்பதால் உள்ளே நுழையச் சிரமம் இருக்காது. முடிவை நான் சொல்லப்போவதில்லை. முதன்முறை கேட்கும்போது பாடல்வரிகள் கண் முன்னால் இருக்கட்டும், யார் பேசுகிறார்கள் என்பது அடிக்கடி மாறும்.

இதிலுள்ள 'தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி' குரலற்ற ஆறு நிமிடம். அதற்குள் தாளக் கணக்கு நூறு முறைக்கு மேல் மாறுகிறது. கண்டமும் மிஸ்ரமும் கேட்டு வளர்ந்த காதுக்கு ஐந்து, ஏழு எல்லாம் அச்சுறுத்தும் எண்கள் இல்லை. கர்நாடக இசையில் எடுத்த தாளம் உருப்படி முடியும்வரை நிலைத்து நிற்கும், அதன் மேல்தான் கணக்குகள் ஓடும். இங்கே அடித்தளமே நொடிக்கு நொடி நகர்கிறது. கையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்டால் எங்கே வழுக்குகிறது என்பது புரியும். அப்படிக் கேட்பதுதான் இதில் வேடிக்கை.

இந்த ஆல்பம் முடியும்போது ஒரு கிராமபோனின் இரைச்சல் மட்டும் எஞ்சும். அதை நிறுத்தாதீர்கள். 2002-இன் 'சிக்ஸ் டிகிரீஸ் ஆஃப் இன்னர் டர்புலன்ஸ்' அதே இரைச்சலோடு தொடங்குகிறது. அந்த ஆல்பத்தின் கடைசியில் நீளும், பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் ஒற்றைக் கார்டு 2003-இன் 'டிரெயின் ஆஃப் தாட்' ஆல்பத்தின் முதல் ஒலி. அதன் முடிவில் ஒலிக்கும் பியானோ சுரத்தில் 2005-இன் 'ஆக்டவேரியம்' கண் திறக்கிறது. 'ஆக்டவேரியம்' தன் கடைசி நொடியில் தன் முதல் சுரத்துக்கே திரும்பி வட்டத்தை மூடிக்கொள்கிறது. நான்கு ஆல்பங்கள், ஐந்து வட்டுகள், ஆறு ஆண்டுகள், ஒரே சங்கிலி. கைபேசியில் பாடல்களைக் கலைத்துப் போட்டுக் கேட்பவருக்கு இது கிடைக்கவே கிடைக்காது. பெட்டியாக வாங்குவதற்கு ஒரே ஒரு காரணம் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்.

சங்கிலிக்குள்ளும் தரம் ஒரே சீராக இல்லை. 'சிக்ஸ் டிகிரீஸ்' முதல் வட்டில் ஐந்து தனிப் பாடல்கள். இரண்டாவது வட்டு முழுக்க 42 நிமிடத்தில் எட்டுப் பகுதிகளாக ஓடும் ஒரே படைப்பு, மனநோயோடு வாழும் ஆறு பேரைப் பற்றியது. அந்த வட்டு இந்தக் குழுவின் மிக அன்பான பக்கம். 'டிரெயின் ஆஃப் தாட்' நேர்மாறு. 2002 பயணத்தில் மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்தை முழுதாக மேடையில் வாசித்தபின், தாங்களும் அப்படி ஓர் இரும்பு ஆல்பம் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். மூன்றே வாரத்தில் எழுதினார்கள். கிட்டார் தனி ஆவர்த்தனங்கள் சில இடங்களில் தேவைக்கு மேல் நீள்கின்றன. 'இன் தி நேம் ஆஃப் காட்' பாடலில் பெட்ரூச்சியும் ருடெஸும் சேர்ந்து ஓடும் இடம் உடற்பயிற்சிக்கூடத்தை நினைவூட்டும். ஆனால் நடுவில் 'வேகன்ட்' என்று மூன்று நிமிடம் மட்டும் ஓடும் செல்லோ பாடல் ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

'ஆக்டவேரியம்' கணக்குப் பிரியர்களுக்கான விருந்து. எட்டுப் பாடல்கள் எஃப் சுரத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறி மேல் எஃபில் முடிகின்றன. இடையிடையே ஐந்து சிறு ஒலித்துண்டுகள். பியானோவில் ஒரு ஸ்தாயிக்கு எட்டு வெள்ளைக் கட்டைகள், ஐந்து கறுப்புக் கட்டைகள் என்று நினைத்தால் விளங்கும். முகப்புப் படத்திலும் தொங்கும் எட்டுக் குண்டுகள், அவற்றினிடையே ஐந்து பறவைகள். இதெல்லாம் தெரியாமலும் ரசிக்கலாம் என்பதுதான் இதன் சிறப்பு. 24 நிமிடத் தலைப்புப் பாடல் ருடெஸின் கன்டினுவம் என்ற மின்னணுக் கருவியில் மெல்லத் தொடங்கி, முழு ஆர்கெஸ்ட்ராவோடு வெடிக்கும். மேடையில் இது எப்படி நின்றது என்று பார்க்க, 2006 ஏப்ரலில் நியூயார்க் ரேடியோ சிட்டி அரங்கில் ஆர்கெஸ்ட்ராவோடு நிகழ்த்திப் பதிவுசெய்த 'ஸ்கோர்' இருக்கிறது.

இந்தச் சங்கிலியின் குறுக்கே இன்னொரு நூலும் ஓடுகிறது. குடிப்பழக்கத்திலிருந்து மீண்ட போர்ட்னாய், குடிநோயாளர்களுக்கான பன்னிரண்டு படி மீட்பு முறையைப் பன்னிரண்டு பகுதிகளாக எழுதி, ஐந்து ஆல்பங்களில் ஆல்பத்துக்கு ஒரு பாடலாகப் பிரித்து வைத்தார்: 'தி கிளாஸ் பிரிசன்', 'திஸ் டையிங் சோல்', 'தி ரூட் ஆஃப் ஆல் ஈவில்', 'ரிபென்டன்ஸ்', 'தி ஷேட்டர்ட் ஃபோர்ட்ரஸ்'. முன்பு வந்த இசை வரிகள் பின்னால் வேறு முகத்தோடு திரும்பி வரும். ஐந்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 57 நிமிடம். ஐந்தும் இந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. முதலில் ஆல்பங்களை வரிசையாகக் கேட்டு முடியுங்கள், பிறகு இந்த ஐந்தை மட்டும் எடுத்து அடுத்தடுத்து வையுங்கள். ஐந்தாவது பாடல் ஏன் அவ்வளவு பரிச்சயமாக ஒலிக்கிறது என்பது அப்போது தெரியும்.

2007-இன் 'சிஸ்டமேட்டிக் கேயாஸ்' ரோட்ரன்னரில் முதல் ஆல்பம். இருபத்தைந்து நிமிடப் பாடல் ஒன்றை இரண்டாக வெட்டி முதலிலும் கடைசியிலும் வைத்திருக்கிறார்கள், அதுவும் 'ரிபென்டன்ஸ்' பாடலும் போதும். 2009-இன் 'பிளாக் கிளவுட்ஸ் அண்ட் சில்வர் லைனிங்ஸ்' அமெரிக்கப் பட்டியலில் ஆறாம் இடத்தில் நுழைந்தது. போர்ட்னாயின் உறுமல் குரலைத் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும், சொல்லிவிட்டேன். இதில் 'தி பெஸ்ட் ஆஃப் டைம்ஸ்' அவர் தன் தந்தை ஹோவர்டுக்கு எழுதியது. கலிபோர்னியாவின் மான்டெரேயில் இருந்த ஒரு திரையரங்கின் பெயரை இந்தக் குழுவுக்கு எடுத்துக் கொடுத்தவர் அந்தத் தந்தைதான். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் அவர் காலமானார்.

2010 செப்டம்பரில் போர்ட்னாய் விலகினார். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், பாதி முடிவுகளை எடுத்தவர் போய்விட்டார். நியூயார்க்கில் ஏழு டிரம்மர்களை வரவழைத்துத் தேர்வு நடத்தினார்கள், பெர்க்லியில் ஆசிரியராக இருந்த மைக் மாஞ்சினி தேர்வானார். 2011-இன் 'எ டிரமேட்டிக் டர்ன் ஆஃப் ஈவன்ட்ஸ்' ஆல்பத்துக்கு டிரம்ஸ் பகுதிகளைப் பெட்ரூச்சி கணினியில் அமைத்துக் கொடுக்க, மாஞ்சினி தன் பாணியில் வாசித்தார். வாசிப்பில் குறையே கிடையாது. ஆனால் போர்ட்னாய் ஒவ்வொரு சந்திலும் செய்யும் சின்னக் குறும்பு இதில் இல்லை, அது உடனே தெரிகிறது. அதேசமயம் நெடுங்காலத்துக்குப் பின் பாடல்கள் மூச்சுவிடுகின்றன. 'பிரேக்கிங் ஆல் இல்யூஷன்ஸ்' பெட்டியின் கடைசி மூன்று ஆல்பங்களில் மிகச் சிறந்த பாடல். கிராமி பரிந்துரையும் முதன்முறையாக இந்த ஆல்பத்தின் ஒரு பாடலுக்குத்தான் கிடைத்தது. விருது 2022-இல் 'தி ஏலியன்' பாடலுக்குக் கையில் வந்தது.

பெட்டி அங்கே நிற்கிறது. 2014-இல் பெட்டி வந்தபோதே 2013-இன் ஆல்பம் கடைகளில் இருந்தது, அதைக்கூடச் சேர்க்கவில்லை. பின்னர் 2016, 2019, 2021 என்று ஆல்பங்கள் வந்தன. 2019 முதல் நிறுவனமும் மாறிவிட்டது. 2023 அக்டோபரில் போர்ட்னாய் திரும்பினார், 2025 பிப்ரவரியில் அவரோடு 'பாராசோம்னியா' வந்தது. அதனால் பெட்டியின் கடைசி வட்டை இன்று கேட்கும்போது அதன் இடம் வேறாகிவிட்டது. 2014-இல் அது புதிய அத்தியாயத்தின் தொடக்கம், இப்போது ஓர் இடைவேளையின் தொடக்கம். மாஞ்சினிக்கு இது நியாயமில்லை, ஆனால் பலரும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை: முதலில் 1992, 1994 ஆல்பங்கள், பிறகு தனியாக வாங்கிய அந்த 23 நிமிடம், 1997-ஐத் தாண்டிவிடுங்கள், 1999-இலிருந்து 2005 வரை ஐந்து வட்டுகளை, ஒரே நாளில் இல்லாவிட்டாலும் ஒரே வாரத்துக்குள். மிச்சத்தை அவசரமின்றிக் கேட்கலாம். 1989 ஆல்பத்தைக் கடைசியில் வாங்கினால் போதும். ஒருவேளை சங்கிலியின் நான்கு ஆல்பங்களும் உங்கள் நண்பர் யாரிடமாவது இருந்து, இரவல் கிடைக்குமானால், பெட்டிக்குச் செலவழிக்க வேண்டாம். 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்', 'அவேக்', 'எ சேஞ்ச் ஆஃப் சீசன்ஸ்' மூன்றையும் தனித்தனியே வாங்குங்கள்.